கதையில் சாவி வரவில்லை

புஷ்பமேரிக்கு எதையும் முழுதாகக் கேட்கும் பொறுமை இருந்ததில்லை. இரண்டு சொல் காதில் விழுந்தால் போதும். மீதியை அவளே கட்டி முடித்துவிடுவாள். கட்டி முடிப்பது எப்போதும் கெட்டதாகவே இருக்கும்.

பிறந்தது திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். அப்பாவுக்கு பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஷாப்பில் நேரம் தவறிச் சங்கு ஊதினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். ஏன் ஊதியது என்ற விவரம் வந்து சேர்வதற்குள் தெருப் பெண்கள் தொட்டியில் இறங்கியவர்கள் யார், மூச்சுத் திணறியது யாருக்கு, யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பேசி முடித்திருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு தடவை நடந்திருந்தது. அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது.

கல்யாணமாகி வந்த பிறகும் அது போகவில்லை. கணவன் பிராங்கிளின் கண்டக்டர். வத்தலக்குண்டு ரூட்டில் அவன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் யாரோ பேசியது அவள் காதில் விழுந்தது. பஸ், பாலம், வத்தலக்குண்டு. அவ்வளவுதான். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, காலில் செருப்பில்லாமல் லாரி ஏறிப் போனாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பிராங்கிளின் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். பாலத்தில் கவிழ்ந்தது வைக்கோல் வண்டி. அன்று முதல் டிப்போவில் அவனுக்கு ‘உயிர்த்தெழுந்தவர்’ என்று பெயர். அவளைப் பார்த்தால் டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பார்கள். தலைமையாசிரியை ஜெயமேரி எழுதிக் கேட்ட விளக்கத்துக்கு அவள் மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் சின்னாளபட்டிச் சாலையில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு அவளுடையது. தறிக்காரர் பிள்ளைகள், மானாவாரிக் காட்டுக்காரர் பிள்ளைகள், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வரிவரியாகக் கத்திப் படிப்பார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

எண்பத்து இரண்டாம் வருஷம் புத்தகங்கள் வர ஆவணி ஆகிவிட்டது. அவளிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. வேறு வழியில்லாமல் பாடத்திலிருந்து ஐந்து சொற்களைப் பலகையில் எழுதி, “இந்த வார்த்தையெல்லாம் ஒரு கதையில வருது. என்ன கதையா இருக்கும்?” என்று கேட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புத்தகக் கட்டு வந்து இறங்கிய அன்று பிடுங்கிக்கொண்டு ஓடி, மூலைக்கு மூலை உட்கார்ந்து வாசித்தார்கள். யார் சொன்னது சரி என்று பார்க்க. ஒருவரும் கத்தவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

அதன் பிறகு அதுவே அவள் வழக்கம். பாடம் தொடங்கும் முன் புத்தகத்தை மூடி, மேலே கை வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் இருக்கிற ஐந்து சொல்லும் கதையில் வந்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மற்றவர்கள் சொல்லலாம், ஆனால் சிரிக்கக் கூடாது. புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தாலும் தப்பு என்று சொல்லமாட்டாள். “அது உன் கதை. இப்ப புஸ்தகத்துக் கதையப் பாப்போம்” என்பாள்.

நடக்கப்போவதை நினைத்தே பயந்து செத்தவளுக்கு, நடக்கப்போவதை நினைத்துச் சிரிக்கிற பிள்ளைகளைப் பிடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பயம் இருக்காது.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

கரும்பலகை புதியது. மிக்கேல்ராஜ் கொடுத்தது. இடது மூலையில் ‘உபயம்: பி. மிக்கேல்ராஜ், பஞ்சு வியாபாரம், திண்டுக்கல்’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் சாக்பீஸால் எழுதினாள்.

பஞ்சு. பூட்டு. சாவி. புகை. கதவு.

பாடம் ஒரு கருமியைப் பற்றியது. சாவியைத் தலையணைப் பஞ்சுக்குள் ஒளித்துவைத்து மறந்துபோகிறான். அடுப்பில் குழம்பு தீய்கிறது. புகையைப் பார்த்து ஊரே கூடி, கதவை உடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள்.

முதலில் கமலக்கண்ணன் எழுந்தான். எப்போதும் அவன்தான் முதலில்.

“ஒரு ஊருல ஒரு திருடன் டீச்சர். பஞ்சு மூட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான். வீட்டுக்காரரு கதவப் பூட்டிட்டுச் சாவியோட போயிட்டாரு. திருடனுக்குப் பீடி நெனப்பு வந்துருச்சு. பத்த வச்சான். பொகை வந்துச்சு. மாட்டிக்கிட்டான்.”

“உங்க மாமன் கதையாடா?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது.

“சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல” என்றாள் புஷ்பமேரி, சிரித்துக்கொண்டே. “வேற யாரு? சூர்யகலா, நீ சொல்லு பிள்ள.”

சூர்யகலா இரண்டாவது வரிசை. அதிகம் பேசாத பெண். அம்மா பேச்சியம்மாளும் அக்கா மாலதியும் மிக்கேல்ராஜின் கோடவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள். போன வருஷம் வரை மாலதியும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மற்றப் பிள்ளைகள் ஒரு ஊரில் என்று தொடங்கினார்கள். சூர்யகலா காலையில் என்று தொடங்கினாள்.

“காலைல எல்லாரும் உள்ள போயிருவாங்க டீச்சர். கணக்குப்பிள்ளை வெளிய பூட்டுப் போட்டுருவாரு. சாவிய எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிருவாரு. ரோட்டுல போறவங்களுக்கு கோடவுன் சும்மா பூட்டிக் கெடக்குற மாதிரி இருக்கும். உள்ள கழிவுப் பஞ்சு அடிக்கிற மிஷின் ஓடும். பஞ்சுல ஆணி கீணி கெடந்தா பொறி வரும். பொறி விழுந்தா பொகையும். அப்ப நனைச்ச கோணியப் போட்டு அமுக்கணும். கதவத் தட்டக் கூடாது.”

“ஏன் தட்டக் கூடாது?” என்றாள் புஷ்பமேரி.

“தட்டுனா ரோட்டுல கேட்டுரும்ல.”

“அப்பறம் என்ன ஆச்சு?” என்றான் கமலக்கண்ணன். அவனுக்குக் கதை போதவில்லை.

“ஒண்ணும் ஆகல. சாயங்காலம் சாவி வரும்.”

ஐந்து சொல்லும் வந்துவிட்டன. சூர்யகலா உட்கார்ந்தாள். புஷ்பமேரி “அது உன் கதை” என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். பிள்ளைகள் கருமியைப் படித்துச் சிரித்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அரிசி மில்லை ஒட்டி, கோடவுனின் தகரக் கூரை தெரிந்தது.

அன்று வீட்டில் பிராங்கிளின் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“லைசென்ஸ் இருக்காது” என்றான். “வெறும் சரக்கு வைக்கிற எடம்னு எழுதிக் குடுத்திருப்பாரு. சின்னப் பிள்ளைகளையும் வேலைக்கு வச்சிருப்பாரு. பாக்டரி இன்ஸ்பெக்டர் ஜீப்பு வந்தா பூட்டப் பாத்துட்டு அப்படியே போயிரும்.”

“தீப்பிடிச்சா?”

“மேரி, நீ என்னையவே ஒரு தடவ கொன்னவ.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. பிள்ள கதை சொல்லுச்சு. நீ கதை கேட்ட. அம்புட்டுத்தான். அவரு கோயில் கமிட்டில இருக்காரு, ஒங்க பலகைல இருக்காரு. செருப்பில்லாம ஓடுறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்க.”

அவள் யோசித்தாள். அவளுக்கு அவள் மேலேயே நம்பிக்கை கிடையாது. வைக்கோல் வண்டியைப் பிணமாக்கியவள் அவள். பஞ்சும் புகையும் சேர்த்துப் பிள்ளை சொன்னது பிள்ளையின் வீட்டுச் சங்கதியா, தன் வீட்டுச் சங்குச் சத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைத் தாண்டிப் போனாள்.

கோடவுனுக்கு ஒரே கதவு. இரும்புக் கதவு. உள்ளங்கை அகலத்துக்குத் திண்டுக்கல் பூட்டு. ஜன்னல்கள் கூரைக்குப் பக்கத்தில் வலையடித்துச் சின்னதாக இருந்தன. வாட்ச்மேன் அழகர்சாமி வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். காது மடலில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது.

“யாரு, டீச்சரம்மாவா? என்ன இந்தப் பக்கம்?”

“உள்ள பேச்சியம்மாளப் பாக்கணும்.”

“உள்ள யாரும் இல்லையே. பூட்டிக் கெடக்கு, தெரியலையா?”

“மோட்டார் ஓடுது.”

“அது ரைஸ் மில்லு மோட்டாரு.”

“சாவி எங்க?”

“கணக்குப்பிள்ளைட்ட. அவரு திண்டுக்கல்லு கடைல இருக்காரு.”

“உள்ள தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?”

அழகர்சாமி பீடியை வாயிலிருந்து எடுத்தார். “மத்தியான வேளைல வாயில என்ன பேச்சு வருது பாருங்க. சரக்குதானே கெடக்கு. முதலாளி பாத்துக்கிடுவாரு.” பீடியைத் தரையில் போட்டு மிதித்தார். நன்றாகத் தேய்த்து மிதித்தார். அதிலிருந்துதான் அவளுக்கு உறுதியாயிற்று.

அவர் ரைஸ் மில்லுக்குத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் கதவருகே குனிந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அதிலிருந்து பஞ்சு இழைகள் மூச்சு விடுவதுபோல வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“பேச்சியம்மா” என்றாள்.

மோட்டார் நின்றது. உள்ளே யாரோ இருமலை அடக்கினார்கள். பிறகு இடைவெளியில் நிழல் விழுந்தது. தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

“டீச்சர், போயிருங்க.”

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“போயிருங்க டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க பொழப்பக் கெடுத்துராதீங்க.” கொஞ்சம் பொறுத்து, “சின்னவ சொன்னாளா? அவ சொன்னான்னு யாருட்டயும் சொல்லிராதீங்க. இருக்குற வேலையும் போயிரும்” என்றது.

அவள் எழுந்து நடந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். போகவில்லை.

அதன் பிறகு அவள் சாயங்காலம் பஸ் ஏறுவது நேரம் தவறிப்போயிற்று. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் ஸ்டாப்பிலேயே நிற்பாள். டவுன் பக்கமிருந்து கணக்குப்பிள்ளையின் சைக்கிள் வரும். அவர் இறங்கி, மடியிலிருந்து சாவியை எடுத்து, கதவைத் திறப்பார். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். தலையெல்லாம் வெளுத்து, பன்னிரண்டு வயசு மாலதியும் கிழவி மாதிரி இருப்பாள். கடைசிப் பெண் வெளியே வந்த பிறகுதான் புஷ்பமேரி கைப்பையைத் தோளில் மாட்டுவாள். ஒரு நாள் சைக்கிள் பஞ்சராகித் தாமதமாக வந்தது. அன்று அவள் ஸ்டாப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

வகுப்பில் இருக்கும்போது வெளியே எது தீய்ந்தாலும் அவளுக்கு மூக்கில் ஏறியது. சத்துணவுக் கூடத்து அடுப்பு, காட்டில் கொளுத்துகிற சருகு, ரோடு போடுகிறவர்களின் தார். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். தகரக் கூரையைப் பார்த்துவிட்டு வருவாள். பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சூர்யகலா மட்டும் புத்தகத்தைப் பார்த்தாள். அவள் இப்போதெல்லாம் கை தூக்குவதில்லை. அம்மா அடித்திருக்க வேண்டும்.

ஜெயமேரியிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் அறை வரைக்கும் போனாள். ஜெயமேரி முந்திக்கொண்டாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். வெள்ளிக்கெழமை மிக்கேல்ராஜ் ஐயா வாராரு. அஞ்சாங் கிளாஸுக்கு ரெண்டு ஃபேன் குடுக்குறாரு. அந்த வார்த்தை வெளையாட்டு வச்சிருக்கீங்கள்ல, அதக் காட்டுங்க. ஐயா சந்தோஷப்படுவாரு.”

“சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மயில் பாடத்தை எடுத்துவைத்துக்கொண்டாள். மயில், மேகம், தோகை, காடு, மழை. இந்த ஐந்து சொல்லிலிருந்து ஒரு பிள்ளையாலும் கெட்டது சொல்ல முடியாது என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சூர்யகலா தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்ன பிள்ள?”

“ஒண்ணுமில்ல டீச்சர்.”

“சொல்லு.”

“அக்கா கை வெந்துருச்சு. கோணி நனையாமக் கெடந்துச்சாம்.” பிறகு அவசரமாக, “அடுப்புலதான் டீச்சர். வீட்டு அடுப்புல” என்றாள்.

மிக்கேல்ராஜ் மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பஞ்சு வியாபாரிகளுக்கு வருகிற வறட்டு இருமல். பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கமலக்கண்ணனின் கன்னத்தைத் தட்டி, “எலே, ஃபேன் வந்துருச்சுன்னு தூங்கிறாதீங்கடா” என்றார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஜெயமேரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

புஷ்பமேரி பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் அவருடைய இருமல். கண்ணுக்கு முன்னால் அவருடைய பெயர். சாக்பீஸ் விரல்களுக்கு நடுவே ஈரமாகியிருந்தது. மயில் என்று எழுத வேண்டும். கையைத் தூக்கினாள்.

பஞ்சு என்று எழுதினாள்.

எழுதிய பிறகு நிறுத்த முடியவில்லை. பூட்டு, சாவி, புகை, கதவு.

“டீச்சர், இது படிச்சாச்சு!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

“நீங்க படிச்சிட்டீங்க. ஐயா படிக்கலையே” என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “ஐயா கதை சொல்லட்டும். நீங்க கேளுங்க.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜெயமேரியின் முகம் மாறியது. மிக்கேல்ராஜ் பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு முறை. பிறகு புஷ்பமேரியைப் பார்த்தார். சிரித்தார்.

“சொல்லவா? சரி. ஒரு ஊருல ஒரு வியாபாரி இருந்தாரு. பஞ்சு வியாபாரி. அவரால நாப்பது குடும்பம் கஞ்சி குடிச்சுச்சு. தன் பொருளைப் பத்திரமாப் பூட்டி வச்சிருந்தாரு. ஒரு நாள் யாரோ ஒரு பொம்பளை, வேலை இல்லாத பொம்பளை, பொகை வருது பொகை வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. வியாபாரிக்கு வெறுத்துப்போச்சு. கதவ இழுத்து மூடிட்டு வேற ஊருக்குப் போயிட்டாரு. நாப்பது குடும்பமும் பட்டினி. அம்புட்டுத்தான் கதை.”

புஷ்பமேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கட்டி முடிக்க இனி எதுவும் இல்லை. அவரே கட்டி முடித்துவிட்டார். வேலை போகும். அவளுடையது மட்டுமல்ல, பேச்சியம்மாளுடையதும். யார் சொன்னது என்று கேட்பார்கள். இரண்டாவது வரிசைக்கு வருவார்கள்.

“சாவி வரல” என்றான் கமலக்கண்ணன்.

“என்னடா?” என்றார் மிக்கேல்ராஜ்.

“அஞ்சு வார்த்தையும் வரணும் ஐயா. பஞ்சு வந்துச்சு. பூட்டு வந்துச்சு. பொகை, கதவு வந்துச்சு. சாவி வரல.”

“ஆமா, சாவி வரல!” என்றாள் இன்னொருத்தி. வகுப்பு பிடித்துக்கொண்டது. “சாவி வரல! சாவி வரல!” பெஞ்சைத் தட்டினார்கள். அவர்களுக்கு அது வழக்கமான விளையாட்டு. மிட்டாய் கொடுத்த ஐயா தோற்றுப்போவதில் தனிச் சந்தோஷம். ஜெயமேரி “உஷ், உஷ்” என்றாள். கேட்கவில்லை.

சூர்யகலா கத்தவில்லை. அவள் மிக்கேல்ராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இருமினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். சத்தம் தானாக அடங்கியது. பிள்ளைகள் கதைக்காகக் காத்திருந்தார்கள்.

“சாவி...” என்றார். “சாவி வாட்ச்மேன்ட்ட இருந்துச்சு.”

“எந்நேரமுமா?” என்றாள் புஷ்பமேரி. கேட்டுவிட்டாள்.

“எந்நேரமும்” என்றார், பலகையைப் பார்த்துக்கொண்டே.

“அப்ப சரி” என்றான் கமலக்கண்ணன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

போகும்போது வராந்தாவில் அவளைத் தனியாக நிறுத்தினார். ஜெயமேரி தள்ளி நின்றாள்.

“எந்தப் பிள்ள சொல்லிச்சு?”

“பாடத்துல உள்ள வார்த்தைங்க ஐயா” என்று புத்தகத்தை நீட்டினாள். பக்கத்தை விரலால் காட்டினாள். அவர் வாங்கி நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“பஞ்சுக்குள்ள போயி சாவிய வச்சிருக்கான், கூறுகெட்ட பய” என்றார். “ஒங்க வீட்டுக்காரரு கண்டக்டர்தானே? தெரியும்.”

படியிறங்கிப் போனார். தெரியும் என்ற சொல்லை அவள் நாளெல்லாம் வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கோடவுன் கதவில் அதே பூட்டு தொங்கியது. அழகர்சாமி அதே கல்லில் இருந்தார். அரைஞாண் கயிற்றில் சாவி கட்டியிருந்தது.

“ஒங்களால எனக்கு வந்த சோலியப் பாத்தீங்களா டீச்சரம்மா? செத்த நேரம் அங்கிட்டு இங்கிட்டு நகர முடியல. ஒண்ணுக்குக்கூட ஓடிப் போயிட்டு ஓடி வாரேன்.”

“ஒரு தடவ போட்டுப் பாருங்க.”

“எதுக்கு?”

“பூட்டு தெறக்குதான்னு பாப்போம்.”

அவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். முனகிக்கொண்டே சாவியை நுழைத்துத் திருப்பினார். பூட்டு வாயைத் திறந்தது. உள்ளே மோட்டார் நின்றது. அவர் உடனே பூட்டிவிட்டார். காதில் ஒரு பீடி செருகியிருந்தது.

“பத்த வைக்க மாட்டேன்” என்றார், அவள் பார்வையைக் கண்டு. “சும்மா வச்சிருக்கேன்.”

அன்று சாயங்காலமும் அவள் ஸ்டாப்பில் நின்றாள். பிராங்கிளின் இப்போது சின்னாளபட்டி டவுன் பஸ். அவன் வண்டிதான் வந்தது. படியில் தொங்கிக்கொண்டே, “ஏறு மேரி” என்றான்.

“செத்த பொறுங்க.”

“அதான் வாட்ச்மேன்ட்ட சாவி இருக்குங்கிறியே, இன்னும் என்ன?”

“அவரு கல்லுல இல்ல.”

பிராங்கிளின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். வேப்பமரத்தடிக் கல் காலியாக இருந்தது. சிரிக்க வந்தவன் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, “என்ன கண்டக்டரே, சம்சாரத்துட்ட குடும்பக் கதையா? எடுங்க வண்டிய” என்றார்கள். டிரைவர் ஹாரனை அடித்தார். பிராங்கிளின் விசிலை வாயில் வைத்திருந்தான், ஊதவில்லை.

அரிசி மில் பக்கமிருந்து அழகர்சாமி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.